அரிக்காதவங்க பெஞ்ச்

என்ன அண்ணாச்சி, டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பாக்கீங்க? மத்தவங்க கையில எல்லாம் நீலக் கலர் பிளாஸ்டிக் வில்லை இருக்கு, நமக்கு மட்டும் கல்யாணப் பத்திரிகையைக் கத்தரிச்சு நம்பர் எழுதிக் குடுத்திருக்காளேன்னா? இருபத்தேழுன்னா இருபத்தேழுதான். அட்டையில எழுதினதுக்காக டாக்டரம்மா பாக்க மாட்டேன்னு சொல்ல மாட்டாக. உக்காருங்க, இங்கன ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அந்தத் தோல்பையை மட்டும் நகத்திராதீங்க. அதுக்காரரு டீ குடிக்கக் கீழ போயிருக்காரு, இப்ப வந்துருவாரு.

இன்னொண்ணும் உங்க மனசுல ஓடுது, எனக்குத் தெரியும். அந்தப் பச்சைச் சுடிதார்ப் பொண்ணு உங்களுக்குப் பின்னாலதான் படியேறி வந்துச்சு. அதை முன்னால உள்ள அனுப்பிட்டேன். இவளுக்குச் சொந்தக்காரப் பொண்ணு போலன்னு நினைக்கீங்க. அது யாரோ, நான் யாரோ. அதுக்கு முதுகுல ஒரு மச்சம், ஆறு மாசமாப் பெருசாகிக்கிட்டே போகுதாம். அரிக்கல, வலிக்கல. உங்களுக்கு அரிக்குதுல்ல? படைதானே? வெக்கப்படாதீங்க, நீங்க படியேறி வந்த நடையிலயே தெரிஞ்சு போச்சு. அரிக்கிறவங்க பொறுத்துத்தான் ஆகணும் அண்ணாச்சி. இங்க அதுதான் சட்டம். ஒண்ணரை வருசமா இந்தச் சட்டம். அதுக்கு முன்னால நேர் எதிரா இருந்துச்சு. அதைப் போட்டதும் நான்தான், இதைப் போட்டதும் நான்தான்.

என் பேரு புஷ்பகனி. கோவில்பட்டியில தோல் வியாதின்னா எங்க டாக்டரம்மா, டாக்டரம்மான்னா வாசல்ல நானு. அவுக திருநெல்வேலியில இருந்து சனிக்கிழமை மட்டும் வருவாக. பத்து மணிக்கு உக்காந்தா ரெண்டு மணிக்கு எந்திரிச்சிருவாக, ரெண்டேகாலுக்கு ரயிலு. நாலு மணி நேரம், நாப்பது பேரு. இதுல யாரு முன்னால, யாரு பின்னால, யாரு அடுத்த வாரம்னு முடிவு பண்றது யாரு? டாக்டரம்மாவா? அவுகளுக்கு என்ன தெரியும், உள்ள உக்காந்திருக்காக. நான்தான்.

பதினெட்டு வருசம் பாத்துக்கிடுங்க. டாக்டரம்மா லென்ஸ் வச்சுப் பாக்கிறதை நான் நாலு எட்டு தள்ளி நின்னு சொல்லிருவேன். சட்டைக்குள்ள கையை விட்டுக்கிட்டே வந்தா வேர்க்குரு. தொப்பி போட்டுக்கிட்டு வந்தா புழுவெட்டு. குடும்பமா வந்தா சொறி, ஒருத்தருக்கு வந்தா வீடு பூரா வரும். பொண்ணு மட்டும் வந்து அம்மாக்காரி பின்னால வந்து அழுதா முகப்பரு, கல்யாணம் நிச்சயமாயிருக்கு. டாக்டரம்மாவே சில நேரம், "என்ன புஷ்பம், இன்னைக்கு எத்தனை படை?"ன்னு கேப்பாக. நான் சொல்லுத எண்ணிக்கை ஒண்ணு கூடவோ குறையவோ இருக்காது.

அதனால மூணு பெஞ்ச் போட்டேன். முதல் பெஞ்ச், நீங்க உக்காந்திருக்கீங்களே, அரிப்பு. ரெண்டாவது வலி, கொப்புளம், சீழ். அந்தா படிக்கட்டுப் பக்கத்துல, ஃபேன் காத்து எட்டாத இடத்துல கிடக்கே, அது மூணாவது. மரு, மச்சம், சும்மா ஒரு கட்டி, இந்த மாதிரி. யாரு வந்தாலும் ரெண்டே கேள்வி. "அரிக்குதா? வலிக்குதா?" ரெண்டும் இல்லைன்னா, "அங்க போய் உக்காருங்க". முதல் பெஞ்ச் முடிஞ்சு, ரெண்டாவது முடிஞ்சு, நேரம் இருந்தா மூணாவது. நேரம் இல்லைன்னா அடுத்த சனிக்கிழமை. சரிதானே? அவதிப்படுதவனை உக்கார வச்சுட்டு, ஒண்ணுமில்லாதவனை உள்ள அனுப்புனா அது நியாயமா? நீங்களே சொல்லுங்க. எல்லாரும் நியாயம்னுதான் சொன்னாக. ஒரு ஆளு என்கிட்ட சண்டை போட்டதில்லை.

அப்பதான் கண்டக்டர் ஆவுடையப்பன் வந்தாரு.

சங்கரன்கோவில் லைன்ல ஓடுத பிரைவேட் பஸ்ஸு. நாப்பத்தெட்டு வயசு இருக்கும். சிரிச்ச முகம். அவருகிட்ட ஒரு வித்தை உண்டு அண்ணாச்சி. யாரு பஸ்ல ஏறி ரெண்டு வார்த்தை பேசினாலும் எந்த ஊருன்னு சொல்லிருவாரு. "நீங்க கழுகுமலை"ம்பாரு, "நீங்க கழுகுமலையில வாக்கப்பட்டவுக, பிறந்தது சாத்தூரு"ம்பாரு. வந்த அன்னைக்கே என்கிட்ட, "அக்கா, நீங்க எட்டயபுரம் பக்கமா?"ன்னாரு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. சரி, நமக்குச் சமமா ஒரு ஆளு வந்திருக்கான்னு நினைச்சேன்.

நான் கேட்டேன், "என்ன தம்பி, அரிக்குதா?" "இல்லக்கா." "வலிக்குதா?" "இல்லக்கா. இங்கன சும்மா ஒரு உருண்டை மாதிரி இருக்கு"ன்னு சட்டைப் பொத்தானைக் கழத்திக் காட்டினாரு. இடது பக்க நெஞ்சுல, கொண்டக்கடலை சைசுல, தோல் கலர்லயே லேசாச் சிவப்பு. பையோட வாரு சரியா அது மேலதான் போகுது. எனக்கு டாக்டரம்மா வேணுமா? "இருபத்தஞ்சு வருசமாப் பை தொங்கவிட்டீங்கன்னா தோல் என்ன செய்யும், காய்ச்சுப் போச்சு. வாரை வலது தோளுக்கு மாத்துங்க, போயிரும். ஆனாலும் வந்துட்டீங்க, டோக்கன் வாங்கிட்டு மூணாவது பெஞ்ச்ல உக்காருங்க"ன்னேன். இருபத்தேழாம் நம்பர் குடுத்தேன்.

அவரு பஸ்ஸு பத்து நாப்பதுக்கு ஸ்டாண்டுக்கு வரும், பன்னெண்டு பத்துக்குக் கிளம்பும். நடுவுல கிடைக்கிற அந்த நேரத்துலதான் மாடியேறி வந்திருக்காரு. பன்னெண்டு அஞ்சுக்குக் கீழ இருந்து ஹாரன் கேக்கும். ரெண்டு நீளம், ஒரு குட்டை. டிரைவர் கூப்பிடுதாருன்னு அர்த்தம். "சரிக்கா, அடுத்த வாரம் பாக்கேன்"னு சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போயிட்டாரு. நான் நிமிர்ந்துகூடப் பாக்கல. சொறிக் குடும்பம் ஒண்ணு வந்திருந்துச்சு, ஏழு பேரு.

அன்னைக்குச் சாயங்காலம் டோக்கனை எண்ணினா ஒண்ணு குறையுது. இருபத்தேழைக் காணோம். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நாப்பது வில்லையும் நானே கடையில சொல்லி நம்பர் அடிச்சு வாங்கினது. பாலிடெக்னிக் பையங்க ரெண்டு பேரு முகப்பருவுக்கு வந்திருந்தாங்க, அவங்க வேலைதான்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்த வாரம் அதுல ஒருத்தன் வந்தான், நல்லாக் கேட்டு விட்டேன். அவன் பாவம், திருதிருன்னு முழிச்சான்.

ரெண்டாவது சனிக்கிழமையும் கண்டக்டர் வந்தாரு. பையை வலது தோளுக்கு மாத்தியிருந்தாரு. சொன்ன பேச்சுக் கேக்கிற மனுசன். "அக்கா, கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு." பாத்தேன். பெருசாத்தான் இருந்துச்சு. "உடனேயா போகும்? பழைய அழுத்தம் இருக்கும்ல"ன்னேன். அதோட விட்டேனா? என் பையில வச்சிருந்த புதுத் துண்டை மடிச்சு, மெத்து மெத்துன்னு ஒரு உறை தச்சு, வாருல மாட்டிவிட்டேன். கண்டக்டருக்கு அவ்வளவு சந்தோசம். "அக்கா, பத்து பேருக்கு வைத்தியம் பாப்பீங்க"ன்னாரு. மூணாவது பெஞ்ச்ல உக்காந்தாரு. ஹாரன். போயிட்டாரு. அன்னைக்கு முப்பத்தொண்ணாம் நம்பரைக் காணோம்.

மூணாவது சனிக்கிழமை அந்தக் கடலைக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு. குட்டிக் குட்டியா. தொட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு, நகரல. "பரவுது தம்பி, வார்த் தேய்ச்சல்தான் பரவுது"ன்னேன். அதுக்கும் தலையாட்டினாரு. லேசா இருமினாரு. பஸ் தூசின்னாரு, நானும் பஸ் தூசின்னேன். பெஞ்ச், ஹாரன், போயிட்டாரு. இருபத்தொம்பதைக் காணோம். மூணு வாரத்துல மூணு டோக்கன் அண்ணாச்சி! சுவத்துல எழுதியே ஒட்டிட்டேன், "டோக்கன் திருடுபவர்களுக்குத் தோல் வியாதி குணமாகாது"ன்னு. டாக்டரம்மா பாத்துட்டுக் கிழிக்கச் சொன்னாக.

நாலாவது வாரம் கடவுள் அந்த பஸ்ஸுக்கு ஒரு பஞ்சரைக் குடுத்தாரு. ஸ்டாண்டுலயே பின் டயர் போச்சு, ஸ்டெப்னியும் சரியில்லை. ஹாரன் அடிக்கல. பன்னெண்டு ஆச்சு, ஒண்ணாச்சு, கண்டக்டர் அந்த மூணாவது பெஞ்ச்லயே உக்காந்திருக்காரு. காத்து வரலைன்னு மேல ரெண்டு பொத்தானைக் கழத்தி விட்டுக்கிட்டு, கையில இருந்த டிக்கெட் அட்டையால விசிறிக்கிட்டு இருக்காரு. ரெண்டு மணி. டாக்டரம்மா கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வெளிய வந்தாக. நான் வழக்கம் போல, "மூணாவது பெஞ்ச் அடுத்த வாரம்"னு சத்தம் குடுத்தேன்.

அவுக படியில ஒரு காலை வச்சாக. வச்ச காலு அப்படியே நின்னுச்சு. அவரு நெஞ்சைப் பாக்காக.

"என்ன புஷ்பம் அது?"

"அது ஒண்ணுமில்ல டாக்டர், வார்த் தேய்ச்சல். அரிக்காது, வலிக்காது."

"வாரு வலது தோள்லதானே கிடக்கு?"

ஆத்தாடி! நானே மாத்தச் சொன்ன வாரு. கட்டி இடது பக்கம் வளருது, வாரு மூணு வாரமா வலது பக்கம் கிடக்கு. நாலு எட்டு தள்ளி நின்னு ஊரு நோயைச் சொல்லுதவளுக்கு, மூக்குக்கு முன்னால கிடந்தது தெரியல. கண்டக்டரு வேற எனக்கு வக்காலத்து வாங்குதாரு, "அக்கா துண்டெல்லாம் தச்சுக் குடுத்தாங்க டாக்டர்"னு.

டாக்டரம்மா பையைக் கீழ வச்சாக. மூணாவது பெஞ்ச்லயே அவரு பக்கத்துல உக்காந்துட்டாக. விரலால ஒவ்வொண்ணாத் தொட்டாக, பிடிச்சு அசைச்சாக, அக்குளுக்குள்ள, கழுத்துல, காறை எலும்புக்கு மேலன்னு தடவிப் பாத்தாக. "அரிக்குதா?" "இல்ல டாக்டர்." "வலிக்குதா?" "இல்ல டாக்டர்." நான் கேக்கிற அதே ரெண்டு கேள்வி. எனக்கு இல்லைன்னு பதில் வந்தா நிம்மதியா இருக்கும். அவுகளுக்கு ஒவ்வொரு இல்லைக்கும் முகம் சுருங்குது. "எத்தனை நாளா?" "ரெண்டு மாசம் இருக்கும்." "இருமல்?" "பஸ் தூசி டாக்டர்." "எடை குறைஞ்சிருக்கா?" அவரு சிரிச்சுக்கிட்டே பெல்ட்டைக் காட்டினாரு. ஆணி வச்சு அடிச்சுப் புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காரு.

ரயிலு போயிருச்சு. டாக்டரம்மா கண்டுக்கல. உள்ள கூட்டிட்டுப் போயி, மரத்துப் போக ஊசி போட்டு, பேனா மாதிரி ஒரு கருவி, முனையில வட்டமா வெட்டு இருக்கும், அதை வச்சுத் திருகி அந்தக் கட்டியில இருந்து துளியூண்டு சதையை எடுத்தாக. நான்தான் விளக்கைப் பிடிச்சேன். கண்டக்டரு குனிஞ்சு பாத்துட்டு, "டாக்டர், அந்தக் காலத்துல டிக்கெட்டுல ஓட்டை போடுவோமே, அதே மாதிரி இருக்கு"ன்னாரு. சதையைத் தண்ணி மாதிரி மருந்துல போட்டு சின்ன பாட்டில்ல அடைச்சாக. பேரு எழுதி ஒட்டச் சொன்னாக. எழுதி ஒட்டினேன்.

பதினோரு நாள் கழிச்சு, ஒரு புதன்கிழமை, டாக்டரம்மா போன் பண்ணினாக. "புஷ்பம், ஆவுடையப்பனை நாளைக்குத் திருநெல்வேலிக்கு வரச் சொல்லணும். போன் எடுக்க மாட்டேங்காரு. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரட்டும். நீயும் வா. ஆனா நீ ஒண்ணும் பேசக்கூடாது. என்ன, ஏதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது." நான் கேட்டேன், "அவ்வளவு மோசமா டாக்டர்?" "பேசாதேன்னேன்ல"ன்னாக.

நான் ஸ்டாண்டுக்குப் போயி அவரு பஸ்ஸுல ஏறிட்டேன். கூட்டம். டிக்கெட் போட்டுக்கிட்டே பின்னால இருந்து வாராரு, ஆளுக்கு ஆளு ஊரு பேரைச் சொல்லிச் சிரிக்க வைக்காரு. என்கிட்ட வந்தாரு. "அக்கா! எங்க?" நான், "நாளைக்கு டாக்டரம்மா வரச் சொன்னாக. வீட்டுலயும் கூட்டிட்டு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். அவரு நகரல. எனக்கு டிக்கெட்டும் போடல. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிச்சு நின்னுட்டு, மெதுவாச் சொன்னாரு, "அக்கா, நீங்க இவ்வளவு நேரம் பேசாம இருந்து இப்பதான் பாக்கேன். பெருசா ஏதோ இருக்கு, இல்லியா?"

நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. பேச்சை வச்சு ஊரைக் கண்டுபிடிக்கிற மனுசன், பேசாம இருந்ததை வச்சுக் கண்டுபிடிச்சிட்டாரு. கழுகுமலையில இறங்கி, கோயில் பக்கத்துல நின்னு அழுதேன். எதுக்கு அழுதேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. யாரோ ஒரு கண்டக்டரு.

மறுநாள் போனோம். அவரு சம்சாரம் செண்பகவல்லி, வாயில்லாப் பூச்சி, முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே உக்காந்திருக்கு. டாக்டரம்மா நிதானமா விளக்கிச் சொன்னாக. "இது தோல் வியாதி இல்ல ஆவுடையப்பன். தோல்ல முளைச்சதே இல்ல. உள்ள வேற ஒரு உறுப்புல புத்து நோய் இருக்கு, அங்க இருந்து ரத்தத்துல கிளம்பி வந்து தோல்ல தங்கியிருக்கு. சில பேருக்கு இப்படித்தான், உள்ள இருக்கிறது தெரியவே தெரியாது, தோல்ல வர்ற கட்டிதான் முதல்ல காட்டிக் குடுக்கும்." அதுக்கு இவரு என்ன சொன்னாருன்னு நினைக்கீங்க? "அப்ப இவன் இறங்குன இடம்தான் நெஞ்சு. ஏறுன இடம் எது டாக்டர்?"

டாக்டரம்மாவுக்கே லேசாச் சிரிப்பு வந்துருச்சு. "அதைத்தான் லேப்ல கண்டுபிடிச்சாங்க. அந்தத் துணுக்கை மெல்லிசாச் சீவி, விதவிதமாச் சாயம் ஏத்திப் பாப்பாங்க. நுரையீரல்ல இருந்து வந்த செல்லு ஒரு சாயத்தைப் பிடிக்கும், குடல்ல இருந்து வந்தது வேற சாயத்தைப் பிடிக்கும். எங்க போனாலும் சொந்த ஊரு அடையாளத்தை விடாது." கண்டக்டரு, "பேச்சு மாறாதுங்கீங்க"ன்னாரு. "ஆமா. இது நுரையீரல் பேச்சு"ன்னாக. அந்த அம்மா அப்பதான் முதல் தடவை வாயைத் திறந்துச்சு. "இவுக பீடி கூடக் குடிச்சதில்லையே டாக்டர்"னுச்சு. குடிக்காதவங்களுக்கும் வருமாம். என்ன நியாயமோ.

அப்புறம் மதுரையில பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தாங்க, நுரையீரல்ல இருந்துச்சு. அதே துணுக்குல இன்னொரு பரிசோதனை பண்ணி, இவருக்கு வந்திருக்கிற வகைக்கு மாத்திரையே இருக்குன்னு சொன்னாங்க. முழுசாப் போக்க முடியாது, அடக்கி வைக்கலாம், எத்தனை நாளைக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒளிவு மறைவு இல்லாம அப்படித்தான் சொன்னாங்களாம்.

நான் டாக்டரம்மாகிட்ட தனியாக் கேட்டேன். "மூணு வாரம் முன்னால பாத்திருந்தா?" "பெருசா மாறியிருக்காது புஷ்பம். தோலுக்கு வரும்போதே அது ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் வருது"ன்னாக. பாத்தீங்களா? டாக்டரே சொல்லிட்டாக, மாறியிருக்காதுன்னு. என் மேல தப்பில்லைன்னு ஆயிப்போச்சுல்ல? நான் வீட்டுல என் மகன்கிட்ட சொன்னேன், பக்கத்து வீட்டுல சொன்னேன், மருந்துக்கடை அண்ணன்கிட்ட சொன்னேன். டாக்டரே சொல்லிட்டாக. அதுக்கப்புறம் அவுக ஒண்ணு சொன்னாக, அதை நான் யாருகிட்டயும் சொல்லல. "ஆனா நமக்கு அது அப்பத் தெரியாதுல்ல"ன்னாக. திட்டல. ஒரு வார்த்தை திட்டல அண்ணாச்சி. அதுதான் எனக்குக் கோவம். நல்லாப் பிடிச்சு ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு பேசிட்டுத் தூங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில, டாக்டரம்மா வர்றதுக்கு முன்னாலயே, பெஞ்சைக் கூப்பிடுத வரிசையை மாத்திட்டேன். கேள்வி அதே ரெண்டுதான். பதில்தான் தலைகீழு. அரிக்கலியா, வலிக்கலியா, புதுசா வந்துச்சா, வளருதா, கல்லு மாதிரி இருக்கா, முதல்ல உள்ள போங்க. நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு ஒண்ணுமே இருக்காது, கொழுப்புக் கட்டிதான். "எதுக்கு இவரை முதல்ல அனுப்பினே?"ன்னு டாக்டரம்மா ஒரு நாளும் கேட்டதில்லை.

இருங்க, கதை முடியல. மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு வாரம் இருக்கும். நான் வாசல்ல உக்காந்திருக்கேன். படியில தடதடன்னு ஒருத்தரு ஓடி வாராரு. பாத்தா கண்டக்டரு. முகம் பூராச் சிவந்து, கன்னத்துல, நெத்தியில, நெஞ்சுலன்னு பருப் பருவா அள்ளித் தெளிச்ச மாதிரி இருக்கு. அவரு என்ன சொல்லுதாருங்கீங்க? "அக்கா, அரிக்குது! தாங்க முடியல, அப்படி அரிக்குது!" பரீட்சையில பாசான பிள்ளை மாதிரி சொல்லுதாரு.

டாக்டரம்மா பாத்தாக. "இது அந்த மாத்திரையால வர்றது, பயப்படாதீங்க. பரு மாதிரி இருக்கும், பரு இல்ல. நிறையப் பேருக்கு மருந்து நல்லா வேலை செய்யும்போது இது வரும். ஆனா இதை வச்சு முடிவு பண்ண முடியாது, ஸ்கேன்தான் சொல்லணும்"னாக. களிம்பு எழுதிக் குடுத்தாக. நெஞ்சுல தொட்டுப் பாத்தாக. அந்த மூணு கட்டியும் அமுங்கி, அடையாளம் தெரியாத அளவுக்கு ஆயிட்டிருந்துச்சு. மதுரை ஸ்கேன்லயும் பின்னால அதையே சொன்னாங்க. எனக்கு அரிப்பைப் பாத்து இப்படி ஒரு சந்தோசம் வந்ததே இல்லை பாத்துக்கிடுங்க. மல்லிகைப்பூ வாங்கித் தலையில வச்சுக்கிட்டேன்.

அன்னைக்குத்தான் அவரு போகும்போது, தோல்பையைத் திறந்து, கையை விட்டுத் துழாவி, "அக்கா, மறந்தே போச்சு. இதெல்லாம் உங்களுது"ன்னு என் மேசையில வச்சாரு. நீல வில்லை. இருபத்தேழு, முப்பத்தொண்ணு, இருபத்தொம்பது. "ஹாரன் அடிச்சதும் அப்படியே பையில போட்டுட்டு ஓடிருவேன். டிக்கெட்டோட டிக்கெட்டாக் கிடந்துச்சு. ஊரு பூராத் தேடினீங்களாமே, மன்னிச்சுக்கிடுங்க"ன்னாரு.

அவரு என்கிட்ட மன்னிப்புக் கேக்காரு அண்ணாச்சி! குத்திக் காட்டல, சத்தியமா மறந்துதான் போயிருக்காரு. நான், "இதுக்கென்ன தம்பி"ன்னு சொல்லிட்டேன். நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்கணும். ஒண்ணரை வருசமா மாசத்துக்கு ஒரு தடவை வாராரு, களிம்பு வாங்கிட்டுப் போறாரு. ஒவ்வொரு தடவையும் கேக்கணும்னு நினைக்கேன். வாய் வரைக்கும் வருது, அங்கனயே நின்னுருது. இந்த வாய்க்கு என்ன வந்துச்சோ. உங்ககிட்ட எப்படிக் கொட்டுதேன் பாருங்க.

அந்த மூணு வில்லையும் இந்தா, டிராயர்ல கிடக்கு. வேற யாருக்கும் எடுத்துக் குடுக்க மனசு வரல. அதனாலதான் உங்களுக்கு அட்டை. போதுமா விளக்கம்?

அந்தா வாராரு. இவருதான். மெதுவா, மெதுவா, ஒண்ணும் கேட்டுறாதீங்க. வாங்க தம்பி, டீ குடிச்சாச்சா? இந்த அண்ணாச்சிகிட்ட சும்மா ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நாளா முன்னால போங்க, முன்னால போங்கங்கேன், கேக்க மாட்டேங்காரு. "அரிக்கிறவங்க அரிக்கிற வரிசையில உக்காரணும், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்"ங்காரு. என் சட்டத்தை எனக்கே சொல்லிக் குடுக்காரு. அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி இடம் விடுங்க.

அந்தா. கேட்டீங்களா? ரெண்டு நீளம், ஒரு குட்டை.

தம்பி, எங்க எந்திரிக்கீங்க? பையை வைங்க. பையை வைங்கங்கேன்ல! அடுத்த வாரமா? அடுத்த வாரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உக்காருங்க. அண்ணாச்சி, வழியை விடுங்க, ஜன்னலுக்குப் போகணும். ஏ டிரைவரண்ணே! இங்க மேல பாரும்! அடிக்காதீரும் ஹாரனை! கண்டக்டர் டாக்டரைப் பாத்துட்டுத்தான் வருவாரு! நேரமாச்சுன்னா ஆகட்டும்! பஸ்ஸுல இருக்கிறவங்களை நான் வந்து சமாளிச்சுக்கிடுதேன்! நிறுத்தும்!

நீங்க உள்ள போங்க தம்பி. அந்தப் பொண்ணு வெளிய வந்தாச்சு, போங்க. சட்டமா? சட்டம் நான் போட்டதுதானே, நான் மாத்துதேன். இருங்க, இருங்க. கையில இருக்கிற டோக்கனைக் குடுத்துட்டுப் போங்க. குடுங்கங்கேன்ல. என் கையில குடுங்க.

தம்பி, அந்த மூணு சனிக்கிழமை... ஒண்ணுமில்ல. இருக்கு. வெளிய வாங்க, சொல்லுதேன். இன்னைக்குச் சொல்லிருதேன். இந்த அண்ணாச்சி சாட்சி.

போயிட்டாரு. என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரிப் பாக்கீங்க? அடுத்தது நீங்கதான், நம்புங்க. அதுவரைக்கும் நல்லாச் சொறிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.